தொடாமல் பார்ப்பது

எனக்குச் சர்க்கரை போடாத சாயா போதும். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு, அதனால் வந்த பழக்கம். அண்ணாவுக்கு இளம் வயதிலேயே வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஆள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும், நான் தமிழில் சொல்கிறேன். யோசிப்பது தமிழில்தான், அப்போதுதான் கோவையாக வரும்.

தன்யாவைப் பற்றிக் கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பாலக்காட்டிலிருந்து வந்து நர்ஸ் வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கையில் கொடுத்த போனில் யார் பெயர் வந்ததோ அந்த வீட்டுக்குப் போனாள். அந்தப் போனில் யார் வருவார், யார் வரமாட்டார் என்பதைத் தீர்மானித்தவன் நான். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் புரியும், கஷ்டமான விஷயம் இல்லை.

என் பெயர் ஹரிஷங்கர். வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். அலுவலகம் எர்ணாகுளத்தில், குடியிருப்பது தேவராவில். பிள்ளைகள் துபாயிலும் கனடாவிலும் இருப்பார்கள், பெற்றவர்கள் இங்கே தனியாக. நர்ஸ் காலையும் மாலையும் போய் ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டி, சாப்பிட வைத்துவிட்டு வர வேண்டும். கொச்சியில் இந்தத் தொழில் ஒருநாளும் படுக்காது.

மட்டாஞ்சேரி சந்துகளில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பழைய கிடங்குகளின் சுவர் அவ்வளவு கனம். மழை பிடித்துக்கொண்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். அதனால் நோயாளிகளின் விவரத்தை நர்ஸின் போனுக்குள்ளேயே வைத்தாக வேண்டும். பெயரைத் தட்டினால் மருந்தளவு, டாக்டர் சீட்டு, புண்ணின் படம், வீட்டுச் சாவி எங்கே இருக்கும் என்பதெல்லாம் அந்த நொடியே வர வேண்டும். ஆனால் நிறுவனம் கொடுப்பது மட்டமான போன். எல்லோரையும் வைக்க அதில் இடம் இல்லை. யாரை வைப்பது, யாரை விடுவது என்ற கேள்வி என் மேஜைக்கு வந்தது.

இதற்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விடை உண்டு. யாருடைய விவரப் பக்கம் கடைசியாகத் திறக்கப்பட்டதோ அவரை முன்னால் வை. இடம் போதாவிட்டால், திறந்து ரொம்பக் காலம் ஆனவரை வெளியே அனுப்பு. ரேஷன் கடை வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவர் கையையும் பின்னால் இருப்பவர் கையையும் பிடித்திருக்கிறார். ஒருவரை யாராவது தொட்டால் அவர் கையை விடுவித்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நிற்பார். அவருக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் தங்களுக்குள் கை கோத்துக்கொள்வார்கள். மற்ற யாரும் நகரவே வேண்டாம். எத்தனை பேர் இருந்தாலும் வேகம் குறையாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒருவர் போய்விட்டால் அவர் நின்ற இடம் தெரியாது என்பதுதான்.

அதில் இரண்டு சின்ன முடிவுகள் என்னுடையவை. நர்ஸ்கள் ‘போய் வந்தேன்’ என்ற அடையாளத்தை அந்தந்த வீட்டில் போடுவதில்லை. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் போடுவார்கள். அதையும் தொட்டதாக எடுத்துக்கொண்டால் வரிசை குழம்பிவிடும். ஆகவே பக்கத்தைத் திறந்து படித்தால்தான் தொட்டதாகும் என்று வைத்தேன். நர்ஸ் திறந்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து பிள்ளை திறந்தாலும் சரி. இன்னொன்று, வரிசை கலையாமல் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு தனி வழி. சோதித்துப் பார்ப்பவன் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் சோதிக்கும் பொருளே மாறிவிடும் அல்லவா. அந்த வழி என்னிடம் மட்டும் இருந்தது.

இரண்டும் நியாயமான முடிவுகள். எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் சொல்வார்.

அண்ணா பெயர் கல்யாணராமன். இந்த ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சுக்குக் கிடங்குக்கு மேல் மாடியில் எங்கள் பழைய வீடு, அதில் அவர் மட்டும் தனியாக. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். இதைச் சொந்தக்காரர்கள் அடிக்கடி எனக்கு ஞாபகப்படுத்துவார்கள். நான் மறந்ததில்லை. பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை போவார். இன்சுலின் ஊசியை இடது கையால் தானே போட்டுக்கொள்ள முடியாது.

அவருக்கு நர்ஸாக வந்தது நௌஷிதா. இந்த ஊர்த் தமிழ் முஸ்லிம், நல்ல மாதிரி. மற்ற வீடுகளுக்கு அவள் போனைத் திறக்காமல் போக முடியாது. ஒருவருக்கு மருந்து மாறும், இன்னொருவரின் மகள் கனடாவிலிருந்து ஏதாவது கேட்டு எழுதியிருப்பாள். அண்ணாவுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. அதே அளவு, அதே நேரம், அதே கஞ்சி. ஒருநாள் நான் விளையாட்டாகக் கேட்டேன், அண்ணா பக்கத்தைத் திறப்பதே இல்லையா என்று.

“அண்ணனுக்கு எதுக்கு சாரே போனு பாக்கணும்? அதெல்லாம் எனக்கு மனப்பாடமாக்கும்” என்றாள்.

நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் போய்க்கொண்டிருந்தேன், திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. இப்படித்தான், அந்த ஏரியாவிலேயே நன்றாகக் கவனிக்கப்பட்ட மனிதர் வரிசையில் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். வடிவமைத்தபோது இது எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவி ஸுப்ரியாவுக்கு டப்ளினில் வேலை கிடைத்து, மகள் மாளவிகாவோடு முன்னால் போய்விட்டாள். எனக்கும் விசா வந்துவிட்டது. ஸுப்ரியா வற்புறுத்துகிற ரகம் இல்லை. வீடியோவில் ஒருதடவை, “மாளு உங்களைக் கேக்கறதை நிறுத்திட்டா. அதுவும் நல்லதுக்குத்தான்னு வெச்சுக்கறேன்” என்றாள்.

“அண்ணா இருக்கற வரைக்கும் நான் எப்படி வரது?”

“தெரியும். நான் ஒண்ணும் சொல்லலையே.”

உண்மையில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளை இதில் இழுக்க வேண்டாம். அவளுக்கு எதுவும் தெரியாது.

ஓணத்துக்கு முன்னால் ஒருநாள், வேறு எதையோ சோதிக்கும்போது, நௌஷிதாவின் போன் வரிசையில் அண்ணா கடைசியில் நிற்பதைப் பார்த்தேன். அடுத்து ஒருவர் புதிதாகச் சேர்ந்தால் அண்ணா வெளியே. அவர் பக்கத்தை ஒருமுறை திறந்தால் போதும், முன்னால் வந்துவிடுவார். விரலை அவர் பெயர் வரை கொண்டும் போனேன். பிறகு எட்டிப் பார்க்கும் வழியாகவே பார்த்துவிட்டு மூடினேன். அப்போது எனக்குத் திட்டம் எதுவும் இல்லை. திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே வாரம் நௌஷிதா மகளின் பிரசவத்துக்கு ஆலுவாவுக்குக் கிளம்பினாள். போனைத் தன்யாவிடம் கொடுக்க வேண்டும். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாள்.

“சாரே, அந்தப் பொண்ணு புதுசு, நம்ம வழியொண்ணும் அறியாது. அண்ணன் பேரு போன்ல வருமில்லே?”

“வரும்” என்றேன்.

“நான் நேர்ல ஒருதடவை கூட்டிட்டுப் போய்க் காட்டட்டா?”

“வேண்டாம். உனக்கு நேரமாச்சு, நீ கிளம்பு. நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் கனகாம்பாள் என்று ஓர் அம்மாள் புதிதாகச் சேர்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தவர். அவர் உள்ளே வந்தார், அண்ணா வெளியே போனார். அந்த அம்மாள் மேல் ஒரு தவறும் இல்லை.

போனில் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றாகிவிடுமா என்று கேட்பீர்கள். இல்லை. பெயரைக் கேட்டால் போன் அலுவலகக் கணினியிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிடும். ஆனால் கேட்க வேண்டும். தன்யாவுக்குத் தெரியாத பெயரை அவள் எப்படிக் கேட்பாள்? அலுவலகமும் தினமும் சரிபார்க்கத்தான் செய்கிறது, போனில் உள்ள பெயர்களுக்கெல்லாம் அடையாளம் விழுந்திருக்கிறதா என்று. விழுந்திருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கீழே கிடங்குக்காரர்கள் ஓண விடுமுறையில் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போகவில்லை. மழை என்று சொல்லிக்கொண்டேன். மழை பெய்ததும் உண்மை.

ஒரே பொத்தானை அழுத்தினால் எனக்கு வரும்படி அண்ணாவின் போனை நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். சில தடவை கூப்பிட்டார். நான் எடுக்காமல் இருந்ததில்லை, அதை நீங்கள் போன் கம்பெனியிலேயே விசாரிக்கலாம்.

“வருவா அண்ணா. புதுப் பொண்ணு, வழி தெரியாம சுத்திண்டிருப்பா. வந்துடுவா” என்றேன்.

அவர் தொண்டையில் ஒரு சத்தம் வரும். அது என் பெயர் என்று நௌஷிதா சொல்வாள். எனக்கு அப்படிக் கேட்டதில்லை. முதல் நாள் அந்தச் சத்தம் பலமாக இருந்தது, பிறகு மூச்சு மட்டும். வாந்தி எடுத்திருக்கிறார் என்று புரிந்தது. அதன் பிறகு கூப்பிடவில்லை. போன் சார்ஜ் தீர்ந்திருக்கும்.

அப்போது என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கை படுகிறது என்று கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது. வேலைக்குப் போனேன், மீன்கறி ஊற்றாத ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பிட்டேன், மாளுவோடு வீடியோவில் பேசினேன். துக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இப்போதும் வரவில்லை, அது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது.

ஊசி இல்லாமல் அவர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்களை எச்சரிக்கத்தான் சொன்னார். அதையும் தாண்டிக் கொஞ்சம் பொறுத்தேன். நானே போய்க் கதவைத் திறந்தால் நன்றாக இருக்காது என்று பட்டது. ஆகவே ஒரு சாயங்காலம் அண்ணாவின் பக்கத்தை முறையான வழியில் திறந்தேன். எழுதியபடியே அது வேலை செய்தது. பின்னால் நின்ற யாரோ வெளியே போக, அண்ணா வரிசையின் முன்னால் வந்து நின்றார். மறுநாள் காலை தன்யாவின் போனில் முதல் பெயர் அவருடையது. சாவி இருக்கும் இடமும் அதில் இருந்தது. அவள் படியேறிப் போய்த் திறந்தாள்.

திறந்ததும் எனக்குத்தான் கூப்பிட்டாள். அழுதுகொண்டே, “சார், இந்த மாமாவோட பேரு நேத்து வரைக்கும் இல்லே சார். சத்தியமா இல்லே” என்றாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. போலீசுக்குச் சொல்லச் சொன்னேன்.

நீங்கள் அவள் போனை வாங்கிப் பார்த்தபோது முதலில் அண்ணா பெயர். பெயர் இருந்தும் போகாமல் இருந்துவிட்டாள், இப்போது புளுகுகிறாள் என்று முடிவு கட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன். நடுவில் சில நாள் ஒருவர் இல்லாமல் போயிருந்தார் என்று அந்த வரிசையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அதை அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறேன். ஆனால் என் வேலையிலிருந்து ஒரு தப்பான விடையை நீங்கள் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான் இத்தனையும் சொன்னேன்.

எதிரில் எழுதுகிறவர் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவது தெரிகிறது. அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அது சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கவனிக்கவில்லை என்று என்னைப் பற்றி எழுதக் கூடாது. அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் தன்யாவின் போனுக்குள் எட்டிப் பார்ப்பேன், அண்ணா இல்லை. அப்புறம் அலுவலகக் கணினிக்குள் எட்டிப் பார்ப்பேன், நௌஷிதா எடுத்த படத்தில் வாய் கோணிச் சிரித்துக்கொண்டிருப்பார். அண்ணாவை நான் பார்க்காமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.