விபத்தே நடக்காத கிடங்கு

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகரத் தலைவர் அம்மா அவர்களே! வாக்கும் வல்லமையும் வாய்ந்த மன்ற உறுப்பினர் பெருமக்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே! கைப்பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கால்கடுக்க நின்று கேட்கும் தாய்மார்களே! "இவனா பேசப் போறான்?" என்று ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்ளும் என் கிடங்குத் தோழர்களே! குப்பை லாரிக் கிடங்கின் மேற்பார்வையாளன் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வேலையில் அடிபடும் நகரத் தொழிலாளிக்கு இழப்பீடு தர எந்தக் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பது? இதுதான் இன்று அவையின் முன்னுள்ள கேள்வி. வழிகள் இரண்டு. இப்போதிருக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். விபத்து குறையக் குறையப் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிறார்கள். அல்லது பக்கத்து நகரங்கள் ஐந்தோடு சேர்ந்து பொது நிதி வைக்கலாம். அதில் தள்ளுபடி கிடையாது. ஆனால் அடிபட்டவனை எதிரே உட்கார வைத்துக் கேட்க ஒரு குழு உண்டு. மறுக்கப்பட்ட பழைய மனுவையும், சாட்சி இருந்தால், அந்தக் குழு மீண்டும் எடுத்துக்கொள்ளும்.

"தள்ளுபடியை யாராவது விடுவாங்களா?" என்று தூண் பக்கத்திலிருந்து ஒரு குரல். நல்ல கேள்வி, ஐயா. நானும் விடவில்லை. விடாமல் பிடித்த கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் கிடங்கு வாசலில் ஒரு கரும்பலகை. விபத்தில்லாத நாட்களின் எண்ணிக்கையைக் காலைதோறும் அதில் எழுதுவது என் வேலை. ஓராண்டு நிறைந்தால், கிடைக்கும் தள்ளுபடிப் பணத்தில் எங்களுக்கு ஓய்வறை கட்டித் தருவதாகப் பேச்சு. மழை வந்தால் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைகிறவனுக்கு ஓய்வறை என்றால் சும்மாவா? பெருக்குகிறவனும் ஓட்டுகிறவனும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

முந்நூற்று அறுபத்து மூன்றாம் நாள். எங்கள் கிடங்குத் தொழிலாளி விசிலை உங்களில் பலருக்குத் தெரியும். லாரி பின்னால் வரும்போது இரண்டு விரலை வாயில் வைத்து அவன் அடிக்கும் சீழ்க்கை நாலு தெருவுக்குக் கேட்கும். அதனால் அந்தப் பெயர். அன்று லாரியின் பின்கதவு இறங்கியபோது அவன் வலது கை உள்ளே இருந்தது.

வேனில் ஏற்றும்போது என்ன சொன்னான் தெரியுமா? அம்மா என்றானா? ஐயோ என்றானா? "அண்ணே, இன்னும் ரெண்டே நாள்தான். வீட்டுக் கதவுல நசுங்கிடுச்சுன்னு எழுதிடுங்க. ரூம் வந்துரட்டும்" என்றான். வாயை மூடுடா என்று நான் அதட்டியிருக்க வேண்டாமா? அதட்டவில்லை. வீட்டுக் கதவு என்றே எழுதினேன். மறுநாள் காலை பலகையில் முந்நூற்று அறுபத்து நான்கு என்றும் எழுதினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் ஆறிவிடும் என்று நம்பினோம். ஆறவில்லை. மூன்று விரல்கள் போயின, அதோடு வேலையும் போயிற்று. இழப்பீடு கேட்டால், வீட்டில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது நிறுவனம். பொய்யா சொன்னார்கள்? நான் எழுதியதைத்தானே திருப்பிச் சொன்னார்கள்?

ஓய்வறை வந்தது. மின்விசிறி உண்டு, நீள பெஞ்சு உண்டு, உட்காரத்தான் ஆள் இல்லை. ஏன்டா யாரும் வருவதில்லை என்று ஓர் ஓட்டுநரிடம் கேட்டேன். "அங்க உக்காந்தா சோறு எறங்கலண்ணே" என்றான். இருபது பேர் உட்காரும் பெஞ்சில் பதினான்கு மாதமாக நான் ஒருவனாகச் சாப்பிடுகிறேன். அந்தத் தனிமை எனக்கு வேண்டியதுதான்.

விசிலுக்கு எதற்குத் தனிமை? மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. மனைவி துணிக்கடைக்கும் மகள் பள்ளிக்கும் போய்விட்டால், மாலை ஆறு மணி வரை நாலு சுவர்தான் துணை. ஒருநாள் போய்ப் பார்த்தேன். தெருமுனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டதும் பேச்சை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனான். "புது ஆளு ஒழுங்கா வழி காட்டுறானாண்ணே?" என்று கேட்டான். என்மேல் ஒரு கோபச் சொல் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பெரியோர்களே! வலியை மறைத்தால் வெகுமதி, வாயைத் திறந்தால் வருத்தம் என்று ஒரு காப்பீடு இருந்தால், அது காப்பது யாரை? ஊரைக் கூட்டிச் சுத்தம் செய்தவனை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, விபத்தே இல்லை, விபத்தே இல்லை என்று இன்னும் எத்தனை காலம் நாம் எழுதிக்கொண்டிருப்பது?

தலைவர் அம்மா, இதோ என் வாக்குமூலம். கை நசுங்கியது கிடங்கில். வீடு என்று எழுதியது பொய். எழுதியவன் நான். கையெழுத்தும் போட்டுவிட்டேன். இதைக் கொடுத்தால் வேலை போகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போகட்டும். ஆனால் பழைய ஒப்பந்தமே தொடருமானால், இதை வாங்கிப் படிக்கக்கூட ஓர் இடம் இருக்காது. பொது நிதி வந்தால்தான் விசிலின் மனு மறுபடி எழும்.

"அவன் எங்கேப்பா?" என்கிறார் முன்வரிசைப் பெரியவர். காலையில் கூப்பிட்டேன், ஐயா. "நீங்க போயி பேசுங்கண்ணே. அங்க எல்லாரும் கை தட்டுவாங்க. நான் மட்டும் சும்மா உக்காந்திருக்கணும்" என்றான்.

இவ்வளவு நேரம் இந்தக் குற்றவாளிக்குச் செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. எனக்காக யாரும் கை தட்ட வேண்டாம். மன்ற உறுப்பினர்களே, சற்று நேரத்தில் பொது நிதித் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும். அப்போது அந்தக் கைகளை உயர்த்துங்கள். வணக்கம்.