மூக்கில் கதவு உள்ள வண்டி

சின்ன வண்டி வைத்திருப்பவனுக்கு அதை நிறுத்த இடம் தேடும் கவலையே கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். இரண்டு பெரிய கார்கள் மிச்சம் வைத்த இடைவெளி போதும். என்னுடையது பழைய மாடல். மூன்று சக்கரம், ஒரே சிலிண்டர். பெட்ரோலை முகர்ந்து பார்த்தே ஊரைச் சுற்றிவிடும்.

கதவு பக்கவாட்டில் இல்லை. மூக்கேதான் கதவு. முன்பக்கம் முழுவதும் ஃபிரிட்ஜ் போலத் திறக்கும். ஸ்டீயரிங்கும் கூடவே விலகி வழிவிடும். ரிவர்ஸ் கியர் கிடையாது, இறங்கித்தான் தள்ள வேண்டும். ஆகவே சுவரில் மூக்கு ஒட்ட நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் கதவு திறக்காது. திறக்காமல் இறங்க முடியாது. இறங்காமல் தள்ள முடியாது. என்ன கச்சிதம் பாருங்கள்.

என் மைத்துனனுக்கு இதெல்லாம் ஏறாது. "மாமா, இது காரா சோப்பு டப்பாவா? பழைய இரும்புக்கடைக்காரன நாளைக்கே கூட்டிட்டு வர்றேன்" என்றான். என் மனைவியும், "தம்பி சொல்றது சரிதான், தலைமுழுகுங்க" என்றாள்.

நான் கோபப்படவில்லை. கடைசியாக ஒரு சுற்று போகலாம் என்று அவனை அழைத்தேன். திரும்பி வந்ததும் ஷெட்டின் பின்சுவரில் மூக்கை ஒட்டி நிறுத்தினேன். வண்டியோடு படம் எடுக்கச் சொல்லி அவன் போனை என்னிடம் தந்திருந்தான். வண்டியின் கூரை வெறும் துணிதான், அதை விலக்கி மேல்வழியாக இறங்கிவிட்டேன். எனக்கு ஒல்லி உடம்பு. பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அது எந்த வண்டிக்கும் நல்லது.

அவனுக்குத் தோள் வரை வெளியே வந்தது. வயிறு சம்மதிக்கவில்லை.

"விளையாடாதீங்க மாமா. வண்டியத் தள்ளுங்க."

"கொஞ்சம் இளைச்சா நீயே வந்துடலாம் மாப்ளே."

ஹாரன் அடித்துப் பார்த்தான். ஆறு வோல்ட் பேட்டரி. பூனை தும்முவது போல இருக்கும். நான் வேளை தவறாமல் வெள்ளரிக்காய் கொடுத்துவருகிறேன். இளைக்கிறான். உள்ளே எடை குறைந்தால் மைலேஜ் கூடும், அது தெரிந்த விஷயம்தானே. நான் யாரையும் அடைத்து வைக்கவில்லை. வண்டியை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

மனைவி எங்கே என்றா கேட்டீர்கள்? தம்பியைத் தூக்கிவிடக் கூரை வழியாக உள்ளே இறங்கினாள். மழை வருமே என்று துணியை மூடிப் பட்டையை இறுக்கிவிட்டேன். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், சார். இப்போது விற்கிற பேச்சையே இருவரும் எடுப்பதில்லை. வண்டி அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.