வெள்ளிக்கிழமைக்கு நூறு பேர்

— மெதுவாப் போங்க ஆல்பன், வளைவு வருது!

— நாப்பது வருஷமா இந்த ரோட்டுல ஆடு ஏத்திட்டுப் போறேன் நெரிஸ். ஒரு ஆடுகூட இப்படிக் கத்தினதில்ல.

— விடியக்காலை எதிர்க்கட்சி எம்.பி. வந்து கதவைத் தட்டி, "கோட்டை மாட்டு, லண்டன் போறோம்"னா எந்த ஆடும் கத்தும். நேத்து நாம என்ன பேசினோம்? எனக்குப் பள்ளிக்கூடக் கூரைக் கூட்டம், உங்களுக்கு ஆட்டுச்சந்தை. ரெண்டு பேருமே இன்னிக்குச் சபைக்குப் போக வேணாம், என் ஓட்டும் உங்க ஓட்டும் கழிஞ்சிடும்னுதானே?

— கழியாதும்மா. நீ எம்.பி. ஆகி எத்தனை மாசம்?

— எட்டு.

— அதான். மத்த நாள்ல கழியும். வெள்ளிக்கிழமை தனி உறுப்பினர் மசோதா வேற கதை. பேச்சு போதும், ஓட்டெடுங்கன்னு சொல்ல நூறு பேர் நேர்ல வந்து நிக்கணும். வேணாம்ங்கிறவன் வீட்ல தூங்கலாம். நான் வராட்டி ஒண்ணும் குறையாது. நீ வராட்டி ஒண்ணு குறையும். மத்தியானம் ரெண்டரைக்குச் சபை முடியும், அதுக்குள்ள ஓட்டு நடக்கலைன்னா மசோதா செத்துச்சு.

— அடக்கடவுளே. இது நேத்தே உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். ஆனா உனக்குத் தெரியலைங்கிறது, போனை வச்சப்புறம்தான் உறைச்சுது. சாப்பிடும்போது பொண்டாட்டிகிட்ட பெருமையாச் சொன்னேன். அவ தட்டை எடுத்துட்டு எழுந்து போயிட்டா.

— நான் ரயில்லயே போயிருப்பேனே!

— எந்த ரயில்? தண்டவாளம் தண்ணிக்குள்ள கிடக்கு.

— அப்போ மசோதாவுக்கு நீங்க ஆதரவா?

— வாயைக் கழுவு! வருஷா வருஷம் நாட்டு வருமானத்துல நூறு பவுண்டுக்கு எழுபது பென்ஸ் வெளிநாட்டு உதவிக்குன்னு சட்டத்துல எழுதி வச்சா என்ன ஆகும்? டிசம்பர் வந்ததும் அதிகாரிங்க, கணக்கை நிரப்ப யாருக்குக் குடுக்கலாம்னு தேடி ஓடுவாங்க. வேலை முதல்ல, பணம் அப்புறம். அதான் விவசாயி புத்தி.

— டிசம்பர் ஓட்டம் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா நான் சியரா லியோன்ல நர்ஸா இருந்தப்ப பார்த்தது வேற. மரியாட்டுன்னு ஒரு மருத்துவச்சி. எட்டு ஊருக்கு அவ ஒருத்திதான். அவளுக்கு வேலைக் கடிதம் ஒரு வருஷத்துக்குத்தான் வரும். இங்க பட்ஜெட்ல கை வச்ச வருஷம், அந்தக் கடிதம் வரல. தடுப்பூசிப் பெட்டி காலி. அவ சம்பளமில்லாமலே ஏழு மாசம் நடந்தா.

— ஏழு மாசமா?

— மழையில, செருப்பைக் கையில தூக்கிட்டு. அவ தர்மம் கேக்கல ஆல்பன். அடுத்த வருஷம் உண்டா இல்லையான்னு முன்னாடியே சொல்லுங்கன்னுதான் கேட்டா.

— ம்... நல்ல பேச்சு. இதைச் சபையில பேசு. நான் எதிர்த்துதான் ஓட்டுப் போடுவேன்.

— போன் அடிக்குது. எங்க பக்கம் ஆள் சேர்க்கிற ஃபெர்கஸ்தான்... ஹலோ? வந்துட்டே இருக்கோம். என்னது, ரெண்டு மணி நேரமாவா? எதைப் பத்தி?

— என்னவாம்?

— உங்க கட்சி பாசில் இன்னும் உட்காரல. கொசுவலை ஓட்டையோட அளவைப் பத்திப் பேசறாராம்.

— கழுதை. புடிக்கலைன்னா எதிர்த்து ஓட்டுப் போடணும். மணியடிக்கிற வரைக்கும் உளறி ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயமா? பெல்ட்டை இறுக்கிக்கோ.

— இப்ப நான் கத்தமாட்டேன். வேகமாப் போங்க.

.

— ஓட்டுக்கு மணி அடிக்குது ஆல்பன், ஓடுங்க! ஃபெர்கஸ்! எத்தனை பேர்?

— வந்துட்டியா நெரிஸ்! பேச்சை முடிக்கத்தான் இந்த ஓட்டு. உன்னோட சேர்த்து இந்த "ஆம்" கதவு வழியாப் போறவங்க தொண்ணூத்தொம்பது. கதவைப் பூட்ட இன்னும் ஒரு நிமிஷம்தான். இனிமே வர்றதுக்கு யாருமில்ல.

— ஒண்ணு குறைஞ்சா?

— செல்லாது. பாசில் மறுபடியும் எழுந்துடுவாரு.

— ஏம்ப்பா ஃபெர்கஸ், வழியை விட்டு நில்லு.

— சார், இது "ஆம்" பக்கம். உங்க கதவு அந்தப் பக்கம்.

— இருபத்து மூணு வருஷமா வர்றவனுக்குக் கதவு காட்டாதே. இந்த மசோதாவைத் தோக்கடிக்க அப்புறமா அந்தக் கதவுக்குப் போறேன். முதல்ல ஓட்டு நடக்கட்டும். எண்ணிக்கோ, நூறு.