கனவில் வெட்டிய பலாமரம்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப் மட்டுமே ஓடிய காலம். திருப்பத்தூருக்கு இறங்கும் ஜீப்பில் என் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உறவில் மாமனும் மருமகனும், அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள். மருமகன் வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"மாமா, நேத்து கனாவுல உங்க பலாமரத்த வெட்டிட்டேங்க. மன்னிச்சிடுங்க."

"காலைல பாத்தேனே, மரம் நிக்குதே."

"நிக்குதுங்க. ஆனா வெட்டுனது நான்தானே?"

"தூங்கறப்ப நடந்ததுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"வெட்டறப்ப சந்தோசமா இருந்துச்சுங்க. முழிச்ச பிறகும் அந்த சந்தோசம் போவல."

பெரியவர் முகம் மாறிவிட்டது. இரண்டு வளைவு தாண்டியதும் கேட்டார்.

"மரத்து நெழலு உன் சாமைக் கொல்லைய கெடுக்குதா?"

"பாதி வெளையலங்க. உங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

"மரம் வுழுந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"பக்கத்துல நின்னு சிரிச்சினு இருந்தீங்க."

"அது நான் இல்ல. நானா இருந்தா உன் கைய ஒடிச்சிருப்பேன்."

"ஆமாங்க."

"சிரிச்சது நான் இல்லன்னா, வெட்டுனதும் நீ இல்ல. வுடு."

மருமகன் நிம்மதியாக மூச்சு விட்டார். திருப்பத்தூர் கண்ணில் பட்டபோது பெரியவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"கொல்லைப் பக்கம் வர்ற கிளைய மட்டும் வெட்டிக்க. முழிச்சினு வெட்டு."