வெந்நீர் ஊற்றிய மூன்று பனியன்கள்

தலைமை ஏற்றிருக்கும் தையல் தொழிலாளர் சங்கத்தின் மாரப்பன் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்து பஞ்சுத்தூசியோடு நேரே வந்திருக்கும் பெருமாநல்லூர்த் தாய்மார்களே! கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் நான், விடை தெரியாத ஒரு கேள்வியோடு உங்கள் முன் நிற்கிறேன்.

மண்ணில் ஒரு பாக்டீரியா. வாயில்லை, வயிறில்லை. ஆகவே புரதத்தை அறுக்கும் நொதியைத் தன் உடலுக்கு வெளியே சுரக்கிறது. வெளியே அறுத்து, வெளியே கரைத்து, பிறகே உறிஞ்சுகிறது. கரைந்ததில் ஒரு பங்கை, எதையுமே சுரக்காத பக்கத்து உயிர் உண்டுவிட்டுப் போகிறது! பிறகும் ஏன் சுரக்கிறது? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் வராது.

தெரிந்ததைச் சொல்கிறேன். இன்று உங்கள் கம்பெனியில் பனியன் தைத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சியின் விரலில் மெஷின் ஊசி ஏறியது. பன்னிரண்டு வெள்ளைப் பனியன்களில் ரத்தம். நாளைக் காலைக்குள் கறை போகாவிட்டால் அவருக்கு வேலை இல்லை என்கிறார் மேனேஜர். ரத்தம் என்பது என்ன? புரதம். பனியன் என்பது என்ன? பஞ்சு. நொதி புரதத்தை அறுக்கும், பஞ்சைத் தொடாது! அந்த நொதி கலந்த சலவைத்தூள் இதோ, இந்த வாளியின் வெதுவெதுப்பான நீரில்...

"ஏனுங்க டீச்சர், மூணு பீஸ்ல நாங்க கொதிக்கிற தண்ணிய ஊத்திப்போட்டமுங்களே!" என்கிறார் செக்கிங் பிரிவு நஞ்சம்மாள்.

ஊற்றத்தான் செய்வீர்கள் அம்மா. துணி வெளுக்க வேகவைக்கும் ஊர் இது. ஆனால் கொதிநீரில் ரத்தம் முட்டைபோல் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதுக்கு நம்பிக்கை உண்டு. மூன்றுக்கு நான் உறுதி தர மாட்டேன்.

"அப்ப என்னைய அனுப்பிருவாகளா?" என்று முத்துப்பேச்சி அழுகிறார்.

"அழுவாத கண்ணு, வாளி நெறஞ்சுபோயிரும்!" என்கிறார் நஞ்சம்மாள்.

சிரியுங்கள். சிரித்துவிட்டுச் சொல்லுங்கள்: இது அவர் குற்றமா? ஊசிக்குக் காப்பு இல்லாத மெஷினின் குற்றம் இல்லையா? ஊசி ஏறாத விரல் இந்த அரங்கில் எது? உயர்த்துங்கள் பார்ப்போம்! ஒரு கை இல்லை. ஒரு கைகூட இல்லை!

கண்ணுக்குத் தெரியாத உயிரே தன்னிடம் உள்ளதை வெளியே வைக்கிறது. நாம் உள்ளேயே வைத்துக்கொள்வதா? நாளை மேனேஜர் முன் முத்துப்பேச்சி தனியே போகக் கூடாது. கறை போனாலும் போவோம்! போகாவிட்டாலும் போவோம்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், வாளி கொடுத்த டீக்கடை நாச்சிமுத்துவுக்கும் நன்றி. வணக்கம்.

மறுநாள் நடந்தது இது. ஒன்பது வெளுத்தன. மூன்றில் பழுப்பு வட்டம் அப்படியே நின்றது. அவற்றை மேனேஜர் மேசையில் விரித்த நஞ்சம்மாள், "இது எங்க எல்லாத்து ரத்தமுமுங்க. யாரை அனுப்பப் போறீங்க?" என்றார். பின்னால் இருபத்தாறு பேர் விரலை நீட்டி நின்றார்கள். மேனேஜர் பனியன்களைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். முத்துப்பேச்சி தன் மெஷினில் உட்கார்ந்தார். ஊசிக்காப்பு இன்னும் வரவில்லை.