இறால் வலைப் பலகை

— இன்னாண்ணா இது, கோடு ஆடுது. நேராத்தான் இழுத்தேன், விரல் வெச்சுப் பாத்தா வளைஞ்சு கெடக்குது.

— வலை கட்டுன கை அப்பிடி, பூவிழி. மீனு மாட்டணும்னு தொய்வா வுட்டே பழக்கம். பலகை மேலயும் அப்பிடியே வெச்சு ஆணி அடிச்சுட்டேன்.

— தாளு இன்னா மீனா, மாட்டிக்கினு துள்ளறதுக்கு?

— சிரிக்காத. குடு, இழுத்துக் கட்டறேன்.

— சீக்கிரம். நாளைக்கு மோகனப்பிரியா டீச்சர் வந்துடுவாங்க. பலகை சரியா இருந்தா, எளாவூர் பள்ளிக்கூடத்துல என்னாட்டம் கண்ணு தெரியாத புள்ளைங்களுக்குப் படம் போட என்னையே சொல்லித் தரச் சொல்லியிருக்காங்க. இந்தக் கோட்டைக்குப்பத்துல இதுவரைக்கும் யாராவது என்னை டீச்சர்னு கூப்ட்டிருக்காங்களா?

— கூப்புடுவாங்க. அம்மன் இருக்கா.

— வலை மேல தாள வெச்சு, கருப்பு கிரயானால அழுத்திப் போட்டா கோடு சொரசொரனு எழும்பும். அது விரலுக்கும் தெரியணும், பாக்கறவங்க கண்ணுக்கும் தெரியணும்னாங்க. விரலு என்னுது. கண்ணு உன்னுது.

— இந்தா, இப்ப தட்டிப் பாரு. மேளமாட்டம் இருக்கும்.

— ம்... நல்லா இருக்குது. இரு, நம்ம படகு போடறேன்... இந்தா. எப்பிடி?

— மூக்கு கொஞ்சம் சாஞ்சிருக்குது. பின்னால துடுப்பு. கீழ ரெண்டு கோடு, தண்ணியா?

— தண்ணி இல்ல, படகோட அடி. பெயிண்ட் அடிக்கக் கரையில கவுத்துப் போடுவீங்களே, அப்பத்தான் நான் முழுசா தொட்டுப் பாத்தேன். கண்ணுக்குத் தெளிவா தெரியுதா?

— கருப்பா, பளிச்னு தெரியுது. டீச்சர் அசந்துடுவாங்க பாரு.

— நீ ஏன்ணா இப்பல்லாம் பொழுது சாஞ்சா ஏரிக்கு வலை போடப் போறதில்ல?

— இடுப்பு வலி. அத்த வுடு.

— அன்னிக்கு வாசப்படி தடுக்கி வுழுந்தியே, அதுவும் இடுப்பு வலியா?

— அன்னிக்குக் கரண்டு இல்ல.

— இப்ப உன் நகம் தாள் மேல ஊர்ற சத்தம் கேட்டுச்சு.

— கோடு எழும்பியிருக்கானு தொட்டுப் பாத்தேன். உனக்காவத்தான்.

— எனக்காவத்தான் எல்லாம் செஞ்ச, தெரியும். ஆனா கருப்பு கிரயான் என் மடியில இருக்குதுண்ணா. இந்தப் படகு மெழுகுவத்தியில போட்டது, வெள்ளைத் தாள்ல வெள்ளை. நீ கருப்புன்னுட்ட. கையக் குடு, பயப்படாத. எளாவூர் புள்ளைங்களுக்கு முன்னால உனக்குத்தான் மொதப் பாடம்.