மடியில் இருந்த டம்ளர்கள்

பூப்போட்ட பழைய கண்ணாடி டம்ளர்கள் உடையாமலிருக்க, புது வேட்டியைக் கிழித்துச் சுற்றிய புத்திசாலி நான். கழுகுமலை பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் ஒருத்தி தோழியிடம் சொன்னாள்:

"நேத்து மகளைப் பொண்ணு பாக்க வந்தாவ. பீரோ நிறைய ரோஜாப்பூ போட்ட கண்ணாடி டம்ளரு. அந்தக் காலத்து சாமான், ஒடஞ்சிரும்னு இவரு சாவியே தரலை."

"பொறவு?"

"பக்கத்து வீட்ல எவர்சில்வர் டம்ளர் எரவல் வாங்கிக் காப்பி குடுத்தேன். அதுல அவிய பேரு வெட்டியிருக்கு! மாப்பிள்ளைக்கு அம்மா அதை வாசிச்சிட்டு என்னையப் பாக்கா."

"சம்பந்தம்?"

"யோசிச்சுச் சொல்லுதோம்னுட்டாவ. இவரு, டம்ளர் ஒண்ணும் ஒடையலைன்னு சந்தோசமா இருக்காரு!"

கோவில்பட்டியில் நான் எழுந்தபோது துணி விலகியது. அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, பீரோ சாவிய வீட்டம்மாட்ட குடுப்பியளா? இல்லைன்னா இங்கனயே போட்டு ஒடச்சிருங்க."